ஐஸ் தாங்கியின் ஒரு மூலை மட்டும் பிந்தி உறைகிறது: உப்புநீர் ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

கொட்பே_மெக்கானிக் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். பழைய முறை தாங்கிதான்: ஒரு பக்கம் உப்புநீரைக் குளிராக்கும் அமோனியாச் சுருள், நடுவில் தடுப்பு, மறுபக்கம் உப்புநீருக்குள் வரிசை வரிசையாகக் கான்கள் (தண்ணீர் நிரப்பிக் கட்டியாக உறையவைக்கும் தகரப் பெட்டிகள்). ஒரு அஜிடேட்டர் உப்புநீரைச் சுருள் வழியாகத் தள்ளுகிறது. அது தாங்கியின் அந்த முனைக்குப் போய்த் திரும்பி, கான்களுக்கு நடுவால் வந்து சேர வேண்டும்.

பிரச்சினை, அந்தத் தூர முனையில் வெளிச்சுவர்ப் பக்க மூலை. மற்ற வரிசைகள் நன்றாக உறைந்த பிறகும் அங்கே இருக்கும் கட்டிகளின் நடுவில் தண்ணீர் நிற்கிறது. பலநாள் படகுக்காரர் புறப்படும் நேரத்தில் வந்து நிற்பார்கள். நடுவில் ஓட்டையோடு ஒரு கட்டியைக் கொடுத்தால் அது கடலில் இரண்டு நாள் முந்திக் கரையும், பிடித்த மீன் பழுதாகும். அவர்கள் சண்டை பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

சுருளை விட்டு வெளியே வரும் இடத்தில் உப்புநீர் கழித்தல் 10 பாகை. அந்த மூலையில் கழித்தல் 8. முதலாளி பெரிய அஜிடேட்டர் மோட்டர் வாங்கலாமா என்று கேட்கிறார். காசைப் போடுவதற்கு முன் தண்ணீர் உண்மையில் எந்த வழியால் போகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறேன். மேலே பலகை மூடி, உள்ளே கலங்கல் உப்புநீர். யாராவது இப்படி ஏதும் செய்திருக்கிறீர்களா?

குளிர்சாதன_ராஜா எழுதியது:

காஸ் குறைவாக இருக்கும். இல்லாவிட்டால் கம்பிரஸர் தேய்ந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கொட்பே_மெக்கானிக் எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணே. கம்பிரஸர் காணாது என்றால் எல்லாக் கானும் பிந்த வேண்டும். இங்கே ஒரே மூலைதான் பிந்துகிறது, அதுவும் எந்த நாளும் அதே மூலை.

உவர்மலை_ஓய்வு எழுதியது:

தம்பி, அந்தப் பதில் சரியான பதில். குளிர் தாராளமாக இருக்கிறது, அந்த மூலைக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனையோ ஆலைகளில் இதே கதையை வேறு உருவத்தில் பார்த்திருக்கிறேன். ஓட்டம் பிழைத்த இடத்தில் எல்லோரும் முதலில் பெரிய மோட்டரைத்தான் தேடுவார்கள்.

இரண்டு பாகைதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். கான் உறையும் நேரம் ஏறத்தாழ கட்டியின் கனத்தின் இருமடிக்கு நேர்விகிதம், உப்புநீர் பூச்சியத்துக்குக் கீழே எத்தனை பாகை என்பதற்கு எதிர்விகிதம். அதனால் கழித்தல் 10 இல் 18 மணி நேரம் எடுக்கும் கட்டி கழித்தல் 8 இல் இருபத்திரண்டரை மணி நேரம் எடுக்கும். அதற்கு மேல், ஓட்டம் தூங்கினால் கானின் சுவரிலிருந்து வெப்பத்தை எடுக்கும் வேகமும் குறையும். நீங்கள் சொல்லும் பிந்தல் இந்தக் கணக்குக்குள் வருகிறது.

ஓட்டத்தைக் கண்ணால் பார்ப்பது பழைய கலை. 1883 இல் மான்செஸ்டரில் ஒஸ்போர்ன் ரெய்னோல்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நிறக்கோட்டை ஓடவிட்டு, எந்த வேகத்தில் அது நேராகப் போகிறது, எந்த வேகத்தில் குலைந்து கலக்கிறது என்று பார்த்தார். இருபது வருடம் கழித்து ஜேர்மனியில் லுட்விக் பிராண்டில் கையால் சுற்றும் சக்கரம் வைத்த ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, அதில் மினுங்கும் தாதுத் துகளைத் தூவி, சுவரோரம் ஓட்டம் எப்படிப் பிரிகிறது என்று காட்டினார். இரண்டு பேரிடமும் விலை கூடிய கருவி எதுவும் இல்லை. கேள்வி தெளிவாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் தாங்கியில் முதல் வேலை மிதவை. மேற்பரப்பில் சும்மா கடதாசித் துண்டு போட்டால் அது மேல் ஓட்டத்தை மட்டும்தான் காட்டும். ஒரு சின்னத் தக்கையை எடுத்து, அதிலிருந்து நூலில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகித் தொங்கவிடுங்கள். தகடு கானின் நடு ஆழத்தில் நிற்கட்டும். கடல் நீரோட்டம் அளப்பவர்கள் செய்வதும் இதுதான். பலகை மூடிகளை ஒரு வரிசைக்குத் திறந்து, வெளியேறும் வாயருகே விட்டு, கைத்தொலைபேசியை மேலே கட்டிப் படம் எடுங்கள். எங்கே நிற்கிறது, எங்கே சுற்றுகிறது என்று பாருங்கள். கான்களுக்கு நடுவில் இடைவெளி ஒடுக்கம் என்றால் தகடுகளைச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

கிண்ணியா_மில் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களிடம் கிணறு சுத்தம் செய்த கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மங்கனேற்று) மிச்சம் கிடக்கிறது. அதில் கொஞ்சம் கரைத்துத் தாங்கிக்குள் ஊற்றினால் ஊதா நிறத்தில் வடிவாகத் தெரியாதா? மிதவையை விட லேசு.

சுகாதாரப்_பக்கம் எழுதியது:

தயவுசெய்து வேண்டாம். கானைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் உப்புநீர் தெறித்துக் கட்டியில் படும். அந்த ஐஸ் மீனோடு மனிதர் வாய்க்குள் போகிறது. பொட்டாசியம் பெர்மங்கனேற்று இரும்பையும் அரிக்கும். உண்மையான தாங்கிக்குள் எதையாவது ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், உணவுக்கு அனுமதித்த சாயம் மட்டும், அதுவும் மிகக் கொஞ்சம், உற்பத்தி நிறுத்திய நாளில். அந்தத் தொகுதி ஐஸை விற்கவும் வேண்டாம்.

உவர்மலை_ஓய்வு எழுதியது:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். தாங்கிக்குள் மிதவையும் வெப்பமானியும் மட்டும். சாயம் வேண்டுமென்றால், தாங்கியைச் சிறிதாக்கிச் செய்யும் ஒரு மாதிரித் தொட்டிக்கு.

நிரல்_நிலா எழுதியது:

நான் வளாகத்தில் படிக்கிறேன். ஒரு கேள்வி. இந்தக் காலத்தில் மாதிரித் தொட்டி ஏன்? ஓப்பன்ஃபோம் மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. தாங்கியின் அளவுகளைத் தந்தால் மடிக்கணினியிலேயே ஓட்டம் முழுவதையும் கணித்து, நிறம் நிறமாகக் காட்டலாம். தடுப்புப் பலகையை இடம் மாற்றிப் பார்க்க ஒரு வரியை மாற்றினால் போதும்.

உவர்மலை_ஓய்வு எழுதியது:

மகள், செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் உங்கள் கணினிக்குள் போவது வரைபடத்தில் இருக்கும் தாங்கி. தம்பியின் தாங்கியில் கான்கள் நெளிந்திருக்கும், சட்டகம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அடியில் உப்பும் துருவும் படிந்திருக்கும், ஏதாவது ஒரு வரிசையில் கான் போடாமல் வெறுமையாக விட்டிருப்பார்கள். ஓட்டம் அந்த வெறுமைக்குள்தான் பாயும். இன்னொன்று, கான்களுக்கு நடுவில் வேகம் குறைவு. அங்கே ஓட்டம் நேராகப் போகுமா கொந்தளிக்குமா என்ற எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த எல்லையில் மென்பொருளின் கொந்தளிப்பு மாதிரிகள் எந்தப் பக்கமும் சாயும். கணக்கும் கண்ணும் ஒன்றையே சொன்னால் நம்பிப் பலகையை வெட்டலாம்.

உருக்கு ஆலைகளைப் பாருங்கள். உருகிய உருக்கை அச்சுக்கு ஊற்றும் முன் அது தங்கிப் போகும் தொட்டி ஒன்று இருக்கும். 1600 பாகையில் ஒளிபுகாத உருக்குக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அந்த உருக்கின் இயக்கப் பிசுக்குமையும் (பிசுக்குமையை அடர்த்தியால் வகுத்தது) 20 பாகைத் தண்ணீரின் இயக்கப் பிசுக்குமையும் கிட்டத்தட்ட ஒன்று! அதனால் பேர்ஸ்பெக்ஸ் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு, சாயம் போட்டு, எங்கே தேங்குகிறது, எங்கே குறுக்கே ஓடித் தப்புகிறது என்று பார்த்துத் தடுப்புகளை வைக்கிறார்கள். கணினிக் கணிப்பு வந்த பிறகும் இது நிற்கவில்லை.

கொட்பே_மெக்கானிக் எழுதியது:

மிதவை விட்டுப் பார்த்தேன். வெளியேறும் வாயிலிருந்து வேகமாகப் போய், தூர முனைக்குப் போகும் முன்பே தடுப்பின் நுனியை ஒட்டி வளைந்து, உட்பக்க வரிசைகளால் திரும்பி வந்துவிடுகிறது. வெளிச்சுவர் மூலைக்கு விட்ட மிதவை அங்கேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. நல்ல இடத்தில் கான்களுக்கு நடுவே வேகம் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் அளவில். மூலையில் 3 கூட வராது.

இனி மாதிரி செய்ய ஆசை. ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்தால் தண்ணீரையும் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் விட்டால் சரியா?

உவர்மலை_ஓய்வு எழுதியது:

இல்லை. மாதிரி வேலையில் பலர் சறுக்கும் இடம் இது. சிறிதாக்கினால் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

இரண்டு ஓட்டங்கள் ஒரே வடிவமாக இருக்க, ரெய்னோல்ட்ஸ் எண் ஒத்துப்போக வேண்டும்: வேகம் பெருக்கல் நீளம், வகுத்தல் இயக்கப் பிசுக்குமை. உங்கள் உப்புநீர், நூற்றுக்கு 20 பங்கு உப்பு, கழித்தல் 10 பாகை என்று வைத்தால், அதன் இயக்கப் பிசுக்குமை 30 பாகைக் குழாய்த் தண்ணீரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கான்களின் இடைவெளி 5 சென்ரிமீற்றர், வேகம் 10 என்றால் ரெய்னோல்ட்ஸ் எண் 1500 பக்கம் வரும். மாதிரியில் இடைவெளி 1 சென்ரிமீற்றர். ஐந்தால் பெருக்கி, நாலால் வகுத்தால் செக்கனுக்கு 12, 13 சென்ரிமீற்றர் வேகம் வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் சூடாக இருப்பது இங்கே உதவி. குளிர்ந்த தண்ணீர் என்றால் இன்னும் வேகமாகத் தள்ள வேண்டி வரும்.

அலையும் நீர்மட்டமும் முக்கியமான இடத்தில், உதாரணமாக அணைக்கட்டு வான்கதவு, வேறு கணக்கு. அங்கே வேகத்தையும் ஈர்ப்பையும் ஒப்பிடும் ஃப்ரூட் எண்ணை ஒத்துவைப்பார்கள். அந்தக் கணக்கில் மாதிரியின் வேகம் குறையும். இரண்டையும் ஒரே தண்ணீரில் ஒரே நேரத்தில் ஒத்துவைக்க முடியாது. உங்கள் தாங்கியில் மேலே அலை இல்லை, ஆகவே ரெய்னோல்ட்ஸைப் பிடியுங்கள்.

முழுத் தாங்கியும் செய்யத் தேவையில்லை. திரும்பும் முனையும் அதற்கு முன் போதிய நேர்ப் பாதையும், திரும்பிய பின் சில வரிசைகளும் போதும். கான்களுக்குத் தகரத்தை மடித்து மணல் நிரப்புங்கள், மரக்கட்டை மிதக்கும். தள்ளுவதற்கு பற்றரி டிரில்லில் ஒரு சின்ன இறகு. வயர் வைத்த டிரில்லைத் தண்ணீருக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். இறகின் சுழற்சி மாதிரிக்குள் போகாமல் இருக்க, முன்னால் பானம் குடிக்கும் ஸ்ட்ரோக்களைக் கட்டாக அடுக்கி வையுங்கள்.

சாயத்தை சேலைன் குழாயால் மெல்ல விடுங்கள். சாயம் விடும் வேகமும் சுற்றியுள்ள தண்ணீரின் வேகமும் ஒன்றாக இருக்கட்டும். பீய்ச்சி அடித்தால் நீங்கள் பார்ப்பது உங்கள் ஊசியின் ஓட்டத்தைத்தான். சாயத்தையும் அதே தொட்டித் தண்ணீரில் கரையுங்கள். வெப்பநிலை மாறினாலே அது மிதக்கும் அல்லது தாழும்.

அலை_அளப்பவன் எழுதியது:

இதுவரை வந்த எல்லாம் சரி, ஆனால் ஒன்றை யாரும் சொல்லவில்லை. மாதிரித் தொட்டியில் எல்லாத் தண்ணீரும் ஒரே வெப்பம். தாங்கியில் அப்படியில்லை. கானிலிருந்து வெப்பத்தை எடுத்த உப்புநீர் இலேசாகி மேலே போகும், குளிர்ந்தது அடியில் படுக்கும். ஓட்டம் இதை மேவுமா என்பதை ரிச்சர்ட்சன் எண் சொல்லும். ஒரு மீற்றர் ஆழம், 2 பாகை வித்தியாசம், வேகம் 10 என்றால் அது ஒன்றுக்குக் கீழே வரும், ஓட்டம் ஓரளவு கலக்கிவிடும். உங்கள் மூலையில் வேகம் 3 என்றால் அதே எண் ஆறைத் தாண்டும். அங்கே உப்புநீர் அடுக்கடுக்காக நிற்கும். அதைச் சாயம் காட்டாது.

மூலையில் ஒரே இடத்தில் மேலே ஒரு வெப்பநிலை, அடியில் ஒரு வெப்பநிலை எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, கான் மேலே அகலம், கீழே ஒடுக்கம். கட்டி கழன்று வருவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதாவது கனம் கூடிய பக்கம் சூடு கூடிய பக்கத்தில் இருக்கிறது.

கொட்பே_மெக்கானிக் எழுதியது:

நீங்கள் சொன்னபடியே. மூலையில் அடிக்கும் மேலுக்கும் ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம். தண்ணீர் நிற்பதும் கட்டியின் மேல் பாதியில்தான்.

உவர்மலை_ஓய்வு எழுதியது:

அருமையான கவனிப்பு, அலை_அளப்பவன். மாதிரி எதைச் சொல்லாது என்று முதலே தெரிந்திருப்பது பாதி வேலை. ஆனாலும் ஓட்டத்தை மூலைக்குக் கொண்டுபோனால் அடுக்கும் குலையும். ரிச்சர்ட்சன் எண்ணில் வேகத்தின் இருமடியால் வகுக்கிறோம், ஆகவே வேகம் இரட்டித்தால் எண் காலாகிவிடும்.

கிண்ணியா_மில் எழுதியது:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் நெல் ஆலையில் சைக்குளோன் (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கூம்பு) முன்பு போலத் தூசியைப் பிடிக்கவில்லை. மேலே உள்ள விசிறிக் குழாயால் தூசி வெளியே போய் அயல் வீட்டுத் துணியில் படிகிறது, முறைப்பாடு வருகிறது. இதற்கும் பார்க்கிற வழி இருக்கிறதா? ஊதுபத்தி பிடித்துப் பார்க்கலாம் என்று மகன் சொல்கிறான்.

உவர்மலை_ஓய்வு எழுதியது:

காக்கா, ஊதுபத்தியை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். காற்றில் பறக்கும் உமித்தூசியும் தவிட்டுத்தூசியும் நெருப்புப் பட்டால் வெடிக்கும். மாவாலைகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

நெருப்பில்லாமல் பார்க்கலாம். மெல்லிய பட்டு நூல் அல்லது கம்பளி நூல் துண்டை ஒரு குச்சியின் நுனியில் கட்டுங்கள். ஆலை ஓடும்போது சைக்குளோனின் அடியில் தூசி விழும் வாய், கதவு, மூட்டு எல்லாவற்றிலும் பிடியுங்கள். விசிறி மேலே இருந்து இழுப்பதால் உள்ளே அழுத்தம் குறைவு. நூல் உள்ளே இழுபட்டால் அங்கே காற்றுக் கசிகிறது. அடியில் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் சுழலின் நடுவால் மேலே போகும் காற்று, பிடித்த தூசியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போகும். பத்தில் ஏழெட்டு இடத்தில் நோய் அதுதான் என்பது என் அனுபவம்.

கிண்ணியா_மில் எழுதியது:

பிடித்துப் பார்த்தோம். அடி வால்வின் ரப்பர் போய்விட்டது, நூலை உறிஞ்சி இழுக்கிறது. நாளை மாற்றுகிறோம். ஜஸாக்கல்லாஹு கைரா.

நிரல்_நிலா எழுதியது:

நானும் கணித்துப் பார்த்தேன், இரு பரிமாணத்தில் மட்டும். மிதவை காட்டியபடியே தடுப்பின் நுனியில் வளைந்து உட்பக்கம் ஓடுகிறது, மூலையில் சுழல். ஆனால் என் கணிப்பில் சுழல் சின்னது. கொந்தளிப்பு மாதிரியை மாற்றினால் அதன் அளவு மாறுகிறது. ஐயா சொன்ன எல்லைப் பிரச்சினை இப்போது விளங்குகிறது. அண்ணன் மாதிரித் தொட்டியின் படம் போட்டால் எதை நம்புவது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கொட்பே_மெக்கானிக் எழுதியது:

மாதிரி முடிந்தது. பக்கம் பேர்ஸ்பெக்ஸ், அடியில் வெள்ளைப் பெயின்ற், அதன் மேல் கட்டம் கட்டமாகக் கோடு. தொலைபேசியில் மெதுவோட்டப் படம், செக்கனுக்கு 240 சட்டம். கேசரிக்குப் போடும் நிறம்தான் சாயம்.

முதல் பார்வையிலேயே விஷயம் தெரிந்தது. சாயக்கோடு தடுப்பின் நுனி வரை நேராகப் போகிறது, நுனியைத் தாண்டியதும் அப்படியே உட்பக்க வரிசைக்குள் சரிகிறது. காரணம், அந்த வரிசைக்கும் தடுப்புக்கும் நடுவில் மற்ற இடைவெளிகளை விட இரட்டிப்பு அகலம். அந்தப் பாதை இலேசு, தண்ணீர் அதைத்தான் எடுக்கிறது. பெரிய மோட்டர் போட்டால் என்ன என்று டிரில்லை முடுக்கியும் பார்த்தேன். அந்த அகல வழியால் இன்னும் வேகமாகப் போனது, மூலைச் சுழல் அதே இடத்தில் நின்றது. முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். மோட்டர்க் கதை அத்தோடு முடிந்தது.

பிறகு அகல இடைவெளியைத் தகரத்தால் முழுக்க அடைத்துப் பார்த்தேன். மூலைக்கு ஓட்டம் வந்தது, ஆனால் உட்பக்க வரிசை செத்துவிட்டது. பாதி அடைத்து, திரும்பும் முனையில் வளைந்த தகடு இரண்டு வைத்தபோது சாயம் ஏறத்தாழ எல்லா வரிசைக்கும் பிரிந்து போனது.

நிரல்_நிலா எழுதியது:

படத்தைச் சட்டம் சட்டமாக அளந்தேன். உங்கள் சுழல் என் கணிப்பை விட ஒன்றரை மடங்கு நீளம். அளவை உங்கள் படத்தோடு பொருத்திவிட்டு, தகடுகளின் கோணத்தை மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். 45 பாகையை விடக் கொஞ்சம் குறைந்தால் நல்லது போலத் தெரிகிறது. தொட்டியில் சரிபார்க்க முடியுமா?

கொட்பே_மெக்கானிக் எழுதியது:

பார்த்தேன் தங்கச்சி, 40 இல் நன்றாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி இல்லாத நேரத்தில் உண்மைத் தாங்கியில் போட்டோம். இப்போது மூலை கழித்தல் 9.5. நடுவில் தண்ணீர் நிற்பது இல்லை, மற்ற வரிசைகளோடு சேர்த்தே தூக்குகிறோம். கடைசி இரண்டு கான்களில் மட்டும் மேல்பக்கம் கொஞ்சம் பிந்துகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

அலை_அளப்பவன் எழுதியது:

அது மிச்சமிருக்கும் அடுக்கு. வெளிச்சுவர்ப் பக்கத் தகட்டின் அடிப்பாகத்தைச் சற்று முன்னுக்கு நீட்டிச் சாய்த்தால் அடியில் வரும் குளிர் உப்புநீர் மேல்நோக்கி ஏறும். மிகச் சாய்க்க வேண்டாம், ஓட்டம் தடைப்படும். கம்பளி நூல் கட்டிய கம்பை அந்த மூலையில் இறக்கி, ரோர்ச் அடித்து, மேல்பக்க நூல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே சாய்வைக் கூட்டுங்கள்.

உவர்மலை_ஓய்வு எழுதியது:

தகட்டை மரத்தில் செய்திருந்தால் ஊறி வளையும். நாக முலாம் பூசிய தகரம் அல்லது தடித்த பிளாஸ்டிக் போடுங்கள். கிரேனில் கான் சட்டகம் தூக்கும்போது இடிபடாமல் சட்டகத்தின் அடியிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கட்டும். கழற்றிக் கழுவக்கூடிய மாதிரி போல்ற் போடுங்கள், அடியில் துரு படிந்தால் தகட்டின் வேலை மாறிவிடும்.

கொட்பே_மெக்கானிக் எழுதியது:

நாக முலாம் தகரம்தான் ஐயா, போல்ற் போட்டிருக்கிறோம். சாய்வை இந்தக் கிழமை மாற்றிவிட்டு, மேல்-அடி வெப்பநிலை இரண்டையும் இங்கே போடுகிறேன்.